மினசோட்டாவில் தப்பிக்கும் படகு என்ஜின், டெக்சாஸில் ஏன் பிளக்கிறது?

குளிரில் படகு என்ஜின் உறைந்து விரிசல் விடுவது எங்கே நடக்கும் என்று கேட்டால், பெரும்பாலானோர் மினசோட்டா, மிச்சிகன், கனடா என்றுதான் சொல்வார்கள். ஏரியே கெட்டியாக உறைந்து, அதன் மேல் கார் ஓட்டும் ஊர்கள் அவை. அங்கே என்ஜின் பிளக்காமல் வேறு எங்கே பிளக்கும்?

ஆனால், அமெரிக்கப் படகுக் காப்பீட்டுத் துறையினர் பல வருஷமாகச் சொல்லிவருவது வேறு. உறைந்து சேதமான என்ஜின்களுக்கான கிளைம்கள் டெக்சாஸ், கலிஃபோர்னியா மாதிரி ‘குளிரே இல்லாத’ மாநிலங்களில் இருந்தும் தாராளமாக வருகின்றன. காரணம் ரொம்ப சிம்பிள். மினசோட்டாக்காரருக்குக் குளிர் வரும் என்று நிச்சயமாகத் தெரியும். டெக்சாஸ்காரருக்கு வராது என்று ஒரு நம்பிக்கை.

டாலஸ், ஆஸ்டின், ஹூஸ்டன் பக்கம் வேலைக்குப் போய் செட்டிலான நம்மவர்கள் இன்று நிறையப் பேர். ஏரியை ஒட்டி வீடு, வார இறுதியில் படகு என்பது அங்கே பெரும் பணக்காரர்களுக்கு மட்டுமான விஷயம் இல்லை. இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்து ஒரு பழைய படகு வாங்குவதும் சகஜம். அப்படி வாங்கியவர்களுக்கும், வாங்கலாமா என்று யோசிப்பவர்களுக்கும் சொல்ல வேண்டியது இது: குளிரில் இருந்து என்ஜினைக் காப்பாற்ற ஹீட்டரை நம்பாதீர்கள், போர்வையை நம்பாதீர்கள், வானிலை அறிக்கையையும் முழுசாக நம்பாதீர்கள். தண்ணீரை வெளியே எடுங்கள். நம்பகமான பாதுகாப்பு அது ஒன்றுதான்.

2021 பிப்ரவரியில் என்ன நடந்தது?

டாலஸில் ஜனவரி மாதத்தில்கூட பகல் வெப்பம் சராசரியாக 14 டிகிரி செல்சியஸ் இருக்கும். ஒரு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு படகை எடுத்துப் போகலாம். அதே டாலஸில், 2021 பிப்ரவரி 16 காலை வெப்பநிலை மைனஸ் 19 டிகிரிக்கு இறங்கியது. ஐந்து நாட்களுக்கு மேல் தொடர்ந்து உறைநிலைக்குக் கீழேயே இருந்தது.

மின்சாரமும் போனது. டெக்சாஸின் மின்கட்டமைப்பு பெரும்பாலும் தனித்து இயங்குவது. குளிரில் மின் உற்பத்தி சரிந்தபோது, பக்கத்து மாநிலங்களில் இருந்து போதுமான அளவு வாங்க வழியில்லை. 45 லட்சத்துக்கும் அதிகமான வீடுகளும் கடைகளும் இருளில் மூழ்கின. மாநில அரசின் கணக்குப்படி 246 பேர் இறந்தார்கள். வீடுகளில் குழாய் வெடித்து, கூரையில் இருந்து தண்ணீர் கொட்டிய வீடியோக்கள் உங்கள் வாட்ஸ்அப்புக்கும் வந்திருக்கலாம்.

அந்த வாரத்தில் ஒரு படகின் கதி யாருக்கும் முதல் கவலையாக இருந்திருக்காது. இருக்கவும் கூடாது. அதனால்தான் படகு வேலையை அந்த வாரம் வருவதற்கு முன்பே முடித்துவிட வேண்டும் என்கிறேன். குழந்தைக்குக் கம்பளி தேடும் இரவில் யாரும் ஏரிக்கரைக்குப் போய் திருகு கழற்றப் போவதில்லை. போகவும் முடியாது, சாலையெல்லாம் பனிக்கட்டி.

‘அது நூறு வருஷத்துக்கு ஒருமுறை வருவது’ என்று ஒதுக்கிவிடவும் முடியவில்லை. 2022 கிறிஸ்துமஸ் வாரத்திலும், 2024 ஜனவரியிலும் டெக்சாஸ் மறுபடி உறைநிலைக்கு வெகு கீழே போனது. என்ஜின் உடைய மைனஸ் 19 தேவையில்லை. மைனஸ் 5-இல் ஒரு நீண்ட இரவு போதும்.

கார் என்ஜினுக்கு வராத பிரச்சினை படகுக்கு ஏன்?

நல்ல கேள்வி. பல படகுகளில் இருப்பது கார் என்ஜினின் பங்காளிதான். ஸ்டெர்ன்டிரைவ் எனப்படும், என்ஜின் உள்ளேயும் புரொப்பல்லர் காலு வெளியேயும் இருக்கும் படகுகளில், பல காலமாக ஜெனரல் மோட்டார்ஸின் 4.3 லிட்டர் வி-6, 5.7 லிட்டர் வி-8 பிளாக்குகளை அடிப்படையாகக் கொண்ட என்ஜின்கள்தான் ஓடின. இரும்பு அதே இரும்பு.

வித்தியாசம் குளிர்விக்கும் முறையில் இருக்கிறது. காரில் ரேடியேட்டருக்கும் என்ஜினுக்கும் இடையே ஒரே கூலன்ட் சுற்றிச் சுற்றி வருகிறது. அதில் கிளைக்கால் கலந்திருப்பதால் எளிதில் உறையாது. பாதிக்குப் பாதி கலந்த எத்திலீன் கிளைக்கால் மைனஸ் 37 டிகிரி வரை தாங்கும்.

படகுக்கு ரேடியேட்டர் எதற்கு? சுற்றிலும் ஏரி இருக்கிறதே! பல படகுகள் ஏரித் தண்ணீரையே உறிஞ்சி, என்ஜின் பிளாக் வழியாக ஓடவிட்டு, புகையோடு சேர்த்து வெளியே துப்பிவிடுகின்றன. என்ஜினை நிறுத்திய பிறகும் அந்தத் தண்ணீரில் பெரும்பகுதி உள்ளேயே தங்கிவிடும். எந்த மருந்தும் கலக்காத, சாதாரண ஏரித் தண்ணீர். உப்புக் கடல் என்றாலும் பெரிய ஆறுதல் இல்லை. கடல் தண்ணீர் உறைவது மைனஸ் 2 டிகிரிக்குப் பக்கத்தில். வித்தியாசம் இரண்டே டிகிரிதான்.

‘என் படகில் குளோஸ்டு கூலிங் இருக்கு, எனக்குக் கவலையில்லை’ என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. அந்த வகையில் பிளாக்குக்குள் கூலன்ட் ஓடும், சரி. ஆனால், அந்தக் கூலன்ட்டின் சூட்டை வாங்கிக்கொள்ளும் ஹீட் எக்ஸ்சேஞ்சரில் மறுபக்கம் ஓடுவது ஏரித் தண்ணீர்தான். பல மாடல்களில் புகை வெளியேறும் மேனிஃபோல்டிலும் அதே தண்ணீர். பாதி பாதுகாப்புதான் உங்களுக்கு இருக்கிறது.

தண்ணீர் இரும்பை உடைக்குமா?

ஃப்ரீசரில் சோடா பாட்டிலை வைத்து மறந்துபோன எல்லாருக்கும் இதற்குப் பதில் தெரியும். பெரும்பாலான பொருட்கள் உறையும்போது சுருங்கும். தண்ணீர் விரியும். ஒரு லிட்டர் தண்ணீர் உறைந்தால் ஏறத்தாழ 1.09 லிட்டர் இடம் கேட்கும். அதாவது 9 சதவீதம் கூடுதல் இடம்.

திறந்த பாத்திரத்தில் அது மேலே எழும்பிவிடும். என்ஜின் பிளாக்கில் தண்ணீர் ஓடும் பாதைகள் குறுகலானவை, வளைவு நெளிவானவை. வாய்ப்பகுதி முதலில் உறைந்து அடைத்துக்கொண்டால், உள்ளே இருக்கும் மிச்சத் தண்ணீருக்குப் போக்கிடம் கிடையாது. மூடிய இடத்தில் உறையும் பனி, மைனஸ் 22 டிகிரியை நெருங்கும்போது, கோட்பாட்டளவில் 200 மெகாபாஸ்கல் வரை அழுத்தம் கொடுக்கும். நம்மைச் சுற்றியுள்ள காற்றழுத்தத்தைப் போல 2,000 மடங்கு!

இன்னொரு பக்கம், பிளாக் செய்யப்பட்டிருப்பது வார்ப்பிரும்பில். நம்ம வீட்டு வார்ப்பிரும்பு தோசைக்கல்லை நினைத்துக்கொள்ளுங்கள். எவ்வளவு பாரம் வைத்தாலும் தாங்கும். கைதவறிக் கீழே விழுந்தால் வளையாது, இரண்டாகப் போய்விடும். அமுக்கினால் தாங்குகிற, இழுத்தால் தாங்காத உலோகம் அது. உள்ளிருந்து பனி தள்ளும்போது பிளாக்கின் சுவர் இழுபடுகிறது. அப்புறம் என்ன, விரிசல்தான்.

‘அதுக்குத்தானே என்ஜினில் ஃப்ரீஸ் பிளக் வச்சிருக்காங்க?’ என்று மெக்கானிக்குகளே சிலர் சொல்வதுண்டு. பெயர்தான் அப்படி. பிளாக்கை வார்க்கும்போது உள்ளே இருந்த மணலை வெளியே எடுக்க விட்ட ஓட்டைகளை அடைக்கும் மூடிகள் அவை. சில சமயம் பனி அழுத்தத்தில் அவை கழன்று விழுந்து பிளாக் தப்பிப்பது உண்டு. அது அதிர்ஷ்டம், பாதுகாப்பு அம்சம் இல்லை.

எல்லாரும் சொல்லும் மூன்று சமாதானங்கள்

முதலாவது: ‘படகு தண்ணீரில்தானே மிதக்குது, ஏரி உறையலையே.’

இதில் பாதி உண்மை இருக்கிறது. டெக்சாஸ் ஏரிகள் குளிர்காலத்திலும் உறைநிலைக்குச் சில டிகிரி மேலேயே இருக்கும். அந்தத் தண்ணீரில் மிதக்கும் படகின் அடிப்பகுதிக்கு ஓரளவு கதகதப்பு கிடைக்கும். ஆனால், இன்று பல படகுகள் தண்ணீரில் மிதப்பதே இல்லை. லிஃப்ட்டில் தூக்கி நிறுத்தப்பட்டோ, டிரெய்லரில் வீட்டு வாசலிலோ நிற்கின்றன. சுற்றிலும் காற்று. மேலே, கீழே, பக்கவாட்டில் எல்லாம் குளிர்காற்று. மிதக்கும் படகைவிடத் தூக்கி நிறுத்திய படகு சீக்கிரம் உறையும். மிதக்கும் படகிலும் நீர்மட்டத்துக்கு மேலே இருக்கும் மேனிஃபோல்டுக்கு ஏரி எந்த உத்தரவாதமும் தராது.

இரண்டாவது: ‘என்ஜின் ரூமில் ஒரு ஹீட்டர் போட்டுட்டேன்.’

இதைக் கேட்டால்தான் எனக்குப் பயமாக இருக்கிறது. 2021-இல் அந்த ஹீட்டர்களுக்கு மின்சாரம் கொடுக்க டெக்சாஸில் யாரும் இல்லை. கடும் குளிர் வரும் நாளும் மின்சாரம் போகும் நாளும் ஒன்றாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். எந்த நேரத்தில் வேண்டுமோ அந்த நேரத்தில் கைவிடும் ஒன்றை எப்படிப் பாதுகாப்பு என்பது? போதாததற்கு, பெட்ரோல் என்ஜின் இருக்கும் அறையில் பெட்ரோல் ஆவி தேங்கலாம். வீட்டில் பயன்படுத்தும் சாதாரண ஹீட்டரின் ஒரு பொறி போதும், என்ஜினோடு படகும் போகும், பக்கத்துப் படகும் போகும். தீப்பொறி வெளிவராதபடி படகுக்கென்றே தயாரித்த ஹீட்டர்கள் உண்டு. அவற்றைக் கூடுதல் காப்பாக வைத்துக்கொள்ளலாம், ஒரே காப்பாக அல்ல.

மூன்றாவது: ‘இங்க ஜனவரியிலயும் படகு ஓட்டுவோம். மூட்டை கட்டி வைக்க முடியாது.’

நியாயமான வாதம். மினசோட்டாவில் அக்டோபரில் மூடினால் ஏப்ரலில்தான் திறப்பார்கள். அங்கே அது ஒருநாள் வேலை. டெக்சாஸில் நடுவில் நல்ல வெயில் நாட்கள் வரும், அவற்றை விட்டுவிட யாருக்கு மனசு வரும்? அதற்காக வடிக்காமல் இருக்க வேண்டியதில்லை. நவம்பரில் இருந்து மார்ச் வரை, ஒவ்வொரு முறை ஓட்டி முடித்ததும் தண்ணீரை வடித்துவிடுங்கள். பழகிவிட்டால் முக்கால் மணி நேர வேலை. ஒரே நெம்புகோலைத் திருப்பினால் முழுதும் வடியும் வசதி சில புதிய மாடல்களில் இருக்கிறது. உங்களுடையதில் இருக்கிறதா என்று கையேட்டைப் பாருங்கள்.

சரி, எப்படி வடிப்பது?

ஒவ்வொரு என்ஜினுக்கும் கையேடு வேறு. அதில் உள்ள படம்தான் இறுதி வார்த்தை. பொதுவான வரிசை இதுதான்:

1. படகைக் கரையேற்றி, சமமான தரையில் நிறுத்துங்கள். ஸ்டெர்ன்டிரைவ் காலை முழுசாகக் கீழே இறக்குங்கள். அதில் உள்ள தண்ணீர் தானாக வடியும்.

2. பிளாக்கின் இரு பக்கமும் உள்ள வடிகால் திருகுகளைக் கழற்றுங்கள். வி-6, வி-8 என்றால் இடது, வலது இரண்டும். ஒன்றை மட்டும் கழற்றிவிட்டு ‘முடிஞ்சுது’ என்று போனால் மறுபக்கம் அப்படியே நிறைந்திருக்கும்.

3. இரண்டு மேனிஃபோல்டுகளின் திருகுகளையும் கழற்றுங்கள். தண்ணீர் பம்ப்புக்குப் போகும் பெரிய ஹோஸைத் தாழ்வான பக்கத்தில் கழற்றி வடியவிடுங்கள்.

4. திருகைக் கழற்றியும் தண்ணீர் வரவில்லையா? சந்தோஷப்படாதீர்கள். துருவும் மணலும் சேர்ந்து ஓட்டையை அடைத்திருக்கலாம். ஒரு கம்பியால் குத்திப் பாருங்கள். பலர் கோட்டைவிடுவது இங்கேதான். ‘நான் வடிச்சேனே’ என்பார்கள். கழற்றினார்கள், வடியவில்லை.

5. கழற்றிய திருகுகளை ஒரு பையில் போட்டு, ஸ்டீயரிங்கில் சாவியோடு சேர்த்துக் கட்டுங்கள். அடுத்த முறை அவற்றைத் திரும்பப் பொருத்தாமல் படகைத் தண்ணீரில் இறக்கிவிட்டால், ஏரி படகுக்குள் வந்துவிடும்.

அலைச் சறுக்கு விளையாட்டுக்கான வேக்போர்டு படகு என்றால் இன்னும் மூன்று இடம் உண்டு. எடை கூட்டுவதற்காகத் தண்ணீர் நிரப்பும் தொட்டிகளும் அவற்றின் பம்ப்புகளும், கால் பகுதிக்குச் சூடு தரும் ஹீட்டர் குழாய், குளிக்கும் ஷவர். என்ஜினை வடித்துவிட்டு ஹீட்டரை மறப்பவர்கள் நிறைய. அந்தச் சின்னக் குழாய்தான் முதலில் வெடிக்கும்.

பின்னால் தொங்கும் அவுட்போர்டு என்ஜின் வைத்திருப்பவர்களுக்குக் கவலை குறைவு. நேராக, செங்குத்தாக இறக்கி வைத்தால் தண்ணீர் தானாக வடிந்துவிடும். ஆனால், சாய்த்துத் தூக்கி வைத்தால் உள்ளே தண்ணீர் தேங்கலாம், புரொப்பல்லர் நடுவில் உள்ள புகைவழியில் மழைத் தண்ணீரும் சேரும். எனவே கீழே இறக்கியே வையுங்கள்.

அவுட்போர்டோ ஸ்டெர்ன்டிரைவோ, கியர் ஆயிலைக் கொஞ்சம் எடுத்துப் பாருங்கள். பால் ஊற்றிய காபி நிறத்தில் இருந்தால் சீல் வழியே தண்ணீர் புகுந்திருக்கிறது. அந்தத் தண்ணீர் உறைந்தால் கியர் கூண்டே பிளந்துவிடும். மாதக்கணக்கில் நிறுத்தப்போகிறீர்கள் என்றால் என்ஜின் ஆயிலையும் நிறுத்துவதற்கு முன்பே மாற்றுங்கள். பழைய ஆயிலில் உள்ள அமிலம் குளிர்காலம் முழுக்க பேரிங்கில் உட்கார்ந்திருப்பது நல்லதில்லை. பெட்ரோலில் ஸ்டெபிலைசர் கலந்து, அது என்ஜின்வரை போய்ச் சேரும்படி சில நிமிஷம் ஓட்டிவிட்டு அணையுங்கள். பேட்டரியை நிறைய சார்ஜில் வையுங்கள். நிறைய சார்ஜ் உள்ள லெட்-ஆசிட் பேட்டரி மைனஸ் 50 டிகிரி வரைகூட உறையாது. சார்ஜ் இறங்கிப்போனது மைனஸ் 10-க்குப் பக்கத்திலேயே உறைந்துவிடும்.

பிங்க் நிற ஆன்டிஃப்ரீஸ்: பாட்டிலில் இருக்கும் எண்ணை நம்பலாமா?

வடித்த பிறகு ஆன்டிஃப்ரீஸ் ஊற்றுவது நல்ல பழக்கம். மூலையில் மிச்சமிருக்கும் கொஞ்சம் தண்ணீரோடு அது கலந்து காப்பாற்றும், துருவையும் தடுக்கும். என் ஆட்சேபம் வடிக்காமலே ஊற்றுவதற்குத்தான்.

பலர் செய்வது என்ன? ஒரு வாளியில் ஆன்டிஃப்ரீஸை ஊற்றி, என்ஜினை ஓட்டி அதை உறிஞ்சவிடுகிறார்கள். புகைவழியில் பிங்க் நிறம் எட்டிப்பார்த்ததும் ‘ஆச்சு’ என்று அணைக்கிறார்கள். அங்கேதான் கண்ணி இருக்கிறது. என்ஜின் முழுசாகச் சூடாகாதவரை தெர்மோஸ்டாட் மூடியிருக்கும். மூடியிருந்தால் உறிஞ்சிய திரவம் பெரும்பாலும் பிளாக்குக்குள் போகாமல் மேனிஃபோல்டு வழியாகச் சுற்றிக்கொண்டு வெளியே வந்துவிடும். நீங்கள் பார்த்த பிங்க் நிறம் உண்மை. பிளாக்குக்குள் ஏரித் தண்ணீர் இருப்பதும் உண்மை.

அடுத்தது அந்த எண். பாட்டிலில் பெரிதாக ‘மைனஸ் 50’ என்று போட்டிருக்கும். முதலில், அது ஃபாரன்ஹீட். செல்சியஸில் மைனஸ் 45. இரண்டாவது, பல பாட்டில்களில் அது உறையும் வெப்பநிலையே இல்லை. குழாய் வெடிக்காமல் தாங்கும் வெப்பநிலை. அந்தத் திரவம் மைனஸ் 11, 12 டிகிரி செல்சியஸிலேயே ஐஸ் கோலா மாதிரி கூழாக ஆரம்பிக்கும். கூழாக இருக்கும்வரை குழாயை உடைக்காது என்பதுதான் அந்த எண்ணின் பொருள். அதுவும் தண்ணீர் சேராத நிலையில். பிளாக்கில் ஏற்கெனவே இருக்கும் தண்ணீரோடு பாதிக்குப் பாதி கலந்துவிட்டால், அந்த எண்ணுக்கு ஒரு அர்த்தமும் கிடையாது.

உறையும் அளவு ஒன்று, வெடிக்கும் அளவு ஒன்று என இரண்டையும் ஒரே அளவு எழுத்தில் பாட்டிலின் முன்பக்கம் அச்சிட வேண்டும் என்பது என் கருத்து. சிறிய எழுத்தில் பின்பக்கம் போட்டுவிட்டு, ‘வாங்கியவர் படித்திருக்க வேண்டும்’ என்று சொல்வது நியாயமில்லை. அதுவரை, ஒரு சின்ன ரிஃப்ராக்டோமீட்டர் வாங்கி, என்ஜினில் இருந்து வெளியே வரும் திரவத்தில் ஒரு சொட்டு எடுத்துப் பாருங்கள். பாட்டில் பொய் சொன்னாலும் அது சொல்லாது.

படகுக்குப் பிராப்பிலீன் கிளைக்கால் உள்ளதையே வாங்குங்கள். காருக்கு ஊற்றும் எத்திலீன் கிளைக்கால் விஷம். அது இனிப்பாக வேறு இருக்கும், நாய் நக்கினால் உயிருக்கே ஆபத்து. வசந்தத்தில் என்ஜினை முடுக்கியதும் உள்ளே இருப்பதெல்லாம் வெளியே வரும். அதை ஏரியில் கொட்டவிடாமல், கரையிலேயே ஒரு வாளியில் பிடித்துவிடுங்கள். அதே ஏரித் தண்ணீரைத்தான் பல ஊர்கள் குடிக்கின்றன.

கப்பலில் இதை எப்படிச் செய்கிறார்கள்?

நம்ம ஊரில் இருந்து கப்பல் வேலைக்குப் போன மரைன் என்ஜினியர்களைக் கேட்டுப் பாருங்கள். கப்பலின் உயிர்காக்கும் படகு என்ஜின் மைனஸ் 15 டிகிரியில் இரண்டு நிமிஷத்துக்குள் ஸ்டார்ட் ஆக வேண்டும் என்பது சர்வதேச விதி. வாரத்துக்கு ஒருமுறை குறைந்தது மூன்று நிமிஷம் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்பதும் விதி. அந்த என்ஜின் தண்ணீருக்கு வெளியே, ஊக்கில் தொங்கிக்கொண்டிருக்கும்போதே குறைந்தது ஐந்து நிமிஷம் ஓடும் திறனோடு இருக்க வேண்டும்.

அங்கே யாரும் ‘இந்தப் பக்கமெல்லாம் குளிராது சார்’ என்று சொல்வதில்லை. சிங்கப்பூரில் நிற்கும் கப்பல் அடுத்த மாதம் பால்டிக் கடலில் இருக்கலாம். எங்கே போனாலும் அதே விதி, அதே பதிவேடு. உயிர் சம்பந்தப்பட்ட இடத்தில் மனிதர்கள் வானிலையைக் கணிப்பதில்லை, பட்டியலைப் பின்பற்றுகிறார்கள். பொழுதுபோக்குப் படகுக்கு அவ்வளவு கெடுபிடி வேண்டாம். ஆனால் அந்த மனநிலை வேண்டும்.

பழைய படகு வாங்கப் போறீங்களா?

அப்படியானால் இந்த விஷயம் உங்களுக்கு இரட்டிப்பு முக்கியம். உறைந்து விரிசல் விட்ட என்ஜின் அன்றே காட்டிக்கொடுக்காது. பனி இருக்கும்வரை அதுவே விரிசலை அடைத்துக்கொண்டிருக்கும். மாதங்கள் கழித்து, முதல்முறை ஓட்டும்போதுதான் தண்ணீர் ஆயிலில் கலக்கும். இடைப்பட்ட காலத்தில் படகு கைமாறியும் இருக்கலாம்.

டிப்ஸ்டிக்கை எடுத்து ஆயில் நிறத்தைப் பாருங்கள். காபி நிறம் என்றால் நடையைக் கட்டுங்கள். பிளாக்கின் பக்கவாட்டில் நீளமான துருக்கோடு, ஓரிடத்தில் மட்டும் புது பெயின்ட், எபாக்சி பூசிய தடம் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். சில விரிசல்கள் இன்டேக் மேனிஃபோல்டுக்குக் கீழே ஒளிந்திருக்கும், கண்ணுக்குத் தெரியாது. அதனால் ஏரியில் இறக்கி, என்ஜின் நன்றாகச் சூடாகும்வரை ஓட்டிப் பார்த்து, திரும்பி வந்ததும் மறுபடி ஆயிலைப் பாருங்கள். கடந்த குளிர்காலங்களில் வடித்ததற்கான பில்லைக் கேளுங்கள். ‘நானேதான் செய்வேன்’ என்று சொன்னால், ‘வடிகால் திருகு எங்கே இருக்கு, காட்டுங்க’ என்று கேளுங்கள். கை நேராக அங்கே போனால் நம்பலாம். தேடினால் யோசியுங்கள்.

காப்பீடு இருக்கிறதே என்பவர்களுக்கு: பல பாலிசிகளில் உறைதல் சேதத்துக்கு இழப்பீடு கிடையாது. கிடைக்கும் பாலிசிகளிலும், முறையாகக் குளிர்காலத் தயாரிப்பு செய்ததற்கு ஆதாரம் கேட்பார்கள். டிசம்பர் வருவதற்குள் ஒரு மின்னஞ்சல் அனுப்பி, பதிலை எழுத்தில் வாங்கிவிடுங்கள். வடிக்கும்போது தேதியோடு இரண்டு போட்டோ எடுத்து வைப்பதும் நல்லது.

யார் என்ன செய்ய வேண்டும்?

எல்லாப் பொறுப்பையும் படகு வாங்கியவர் தலையில் கட்டுவது சரியில்லை. தெற்கு மாநிலங்களில் படகு விற்கும் டீலர்கள் சாவி கொடுக்கும்போது ஸ்டீரியோவில் ப்ளூடூத் இணைப்பதைச் சொல்லித்தருகிறார்கள். பத்து நிமிஷம் கூடுதலாக எடுத்து, வடிகால் திருகுகளைக் கையால் தொட்டுக் காட்டினால் என்ன? படகு நிறுத்துமிடங்கள் வாடகை பில் அனுப்பும்போது, உறைபனி எச்சரிக்கை வந்தால் என்ன செய்ய வேண்டும் என ஒரு பக்கம் சேர்த்து அனுப்பலாம். பாலிசியின் விதிவிலக்கைக் காப்பீட்டு நிறுவனம் அக்டோபரிலேயே நினைவூட்டலாம். கிளைம் வந்த பிறகு அதே விதியை எடுத்துக்காட்டுவதைவிட அது கௌரவமான வேலை.

கணக்கு என்று பார்த்தால், கடையில் கொடுத்துக் குளிர்காலத் தயாரிப்பு செய்யச் சில நூறு டாலர் ஆகும். நீங்களே வடித்தால் ஒரு ஸ்பேனரும் ஒரு மாலை நேரமும் போதும். பிளாக் பிளந்தால் பல ஆயிரம் டாலர், கோடைகாலம் முழுக்க படகு ஷெட்டில், மூன்று குடும்பம் சேர்ந்து வாங்கியிருந்தால் ‘யார் வடிச்சிருக்கணும்?’ என்ற பேச்சு வேறு. கடைசிச் செலவை எந்தக் காப்பீடும் தராது.

அதனால், கூட்டாகப் படகு வைத்திருப்பவர்கள் இன்றே ஒன்று செய்யுங்கள். நவம்பரில் இருந்து மார்ச் வரை எந்த மாதம் யார் பொறுப்பு என்று பெயர் போட்டு, உங்கள் வாட்ஸ்அப் குழுவில் மேலே பின் செய்துவிடுங்கள். கடைசியாகப் படகை ஓட்டியவர்தான் வடிக்க வேண்டும் என்று விதி வைத்தாலும் சரி. வானிலை செயலியில் 0 டிகிரிக்கு எச்சரிக்கை வைத்துக்கொள்ளுங்கள். ஆனால், அது ஒலிக்கும்போது உங்கள் படகு ஏற்கெனவே காலியாக இருக்க வேண்டும்.